உட்கார்ந்தே ஆடலாம்: நடமாட்டம் குறைந்த முதியோருக்கான நடன வகுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி என ஏதாவது ஒரு துணையோடு நடமாடுகிறவர்களுக்கும், துணையில்லாமல் நடந்தாலும் கால் தளர்ந்துவிட்டவர்களுக்கும் பொதுக்கூடங்களில் நடத்தப்படும் நடன, அசைவு வகுப்புகள் பற்றிய பக்கம் இது. சேர நினைக்கும் பெரியவர்கள், அழைத்து வரும் வீட்டார், புதிதாக வகுப்பு தொடங்குகிறவர்கள் என மூன்று தரப்பினருமே கேட்பதால் பதில்களும் கலந்தேதான் இருக்கும்.

நாற்காலியில் உட்கார்ந்து கை, காலை அசைப்பது நடனம் ஆகுமா? அது உடற்பயிற்சிதானே?

நடனம்தான். "கையைப் பத்து தடவை தூக்குங்கள்" என்றால் அது பயிற்சி. அதே கையை, பாட்டின் நான்கு எண்ணிக்கையில் தண்ணீருக்குள்ளிருந்து எடுப்பது போல மெல்ல உயர்த்தி, அடுத்த நான்கில் கனமான துணியை விரிப்பது போல இறக்கினால் அது நடனம். தாளம் இருக்கிறது, பாவம் இருக்கிறது, எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை ஆடுகிறவரிடம் இருக்கிறது. இதில் ஒரு நடைமுறைப் பலனும் உண்டு. கவனம் வலிக்கிற மூட்டிலிருந்து பாட்டுக்குப் போய்விடுவதால், பயிற்சியில் தோள்வரைகூட வராத கை ஆட்டத்தில் தோளைத் தாண்டிப் போவதைப் பார்க்கலாம்.

ஆனால் இது பிசியோதெரபிக்கு மாற்று அல்ல. பக்கவாதத்துக்குப் பிறகோ அறுவை சிகிச்சைக்குப் பிறகோ சொல்லிக்கொடுத்த பயிற்சிகள் தனியாகத் தொடர வேண்டும்.

இதனால் என்ன பலன் எதிர்பார்க்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். அதில் வாரம் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சிகள் இருக்க வேண்டும். அந்த அளவு முடியாதவர்கள் முடிந்ததைச் செய்தாலும் நன்மை உண்டு என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. வாரம் இரண்டு வகுப்பு என்பது நல்ல தொடக்கம்.

கீழே விழுவதைத் தடுக்குமா என்றுதான் வீட்டார் முதலில் கேட்கிறார்கள். உடற்பயிற்சிகள் பொதுவாக விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ 23 சதவீதம் குறைக்கின்றன என்று 2019-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து மதிப்பிடும் அறிக்கை) கண்டது. ஆனால் நடனம் மட்டுமே அதைச் செய்யுமா என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும் அதே தொகுப்பு சொன்னது. பலனைத் தெளிவாகக் காட்டியவை சமநிலைப் பயிற்சிகளும், எழுந்து உட்காருவது போன்ற அன்றாடச் செயல்களைப் பழக்கும் பயிற்சிகளும்தான். அதனால் ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, அதில் கால் வேலை எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். முழு நேரமும் கையை மட்டும் வீசிவிட்டு முடிகிற வகுப்பு மனதுக்கு நல்லது, தோளுக்கும் நல்லது, விழாமல் காப்பதற்குப் போதாது. எழுந்து நிற்க முடிந்தவர்களுக்குச் சில நிமிடங்களாவது நின்று ஆடும் பகுதி கட்டாயம் இருக்க வேண்டும்.

டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டுமா?

நெஞ்சுவலி, காரணம் தெரியாத மூச்சுத்திணறல், சமீபத்தில் எலும்பு முறிவு, கடந்த மூன்று மாதத்தில் அறுவை சிகிச்சை (கண் அறுவை சிகிச்சையும் இதில் அடக்கம்), ஆறு மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் கீழே விழுந்தது, இவற்றில் ஏதாவது இருந்தால் கட்டாயம் கேளுங்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே ரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தால் அன்று ஆட வேண்டாம்.

டாக்டரிடம் "உடற்பயிற்சி செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "தாராளமாக" என்று பொதுவான பதில்தான் வரும். "கையைத் தலைக்கு மேல் தூக்கலாமா, இடுப்பைத் திருப்பலாமா, பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கலாமா, எதைச் செய்யவே கூடாது?" என்று கேளுங்கள். பதிலை ஒரு சீட்டில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். அதிலேயே மருந்துகளின் பெயரும் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணும் இருக்கட்டும்.

எந்த மாதிரி நாற்காலி வேண்டும்?

இந்த வகுப்பில் நாற்காலிதான் மேடை. உட்காரும் பலகை தரையிலிருந்து 43 முதல் 46 சென்டிமீட்டர் உயரம், கெட்டியான இருக்கை, நேரான முதுகு, சக்கரம் கூடாது, மடக்கு நாற்காலி கூடாது. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிய வேண்டும், முட்டி ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்க வேண்டும். குள்ளமானவர்களுக்குக் காலடியில் வழுக்காத பலகை போடுங்கள். உயரமானவர்களுக்கும் இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கும் இருக்கையின் மேல் கெட்டியான திண்டு வையுங்கள். மெத்தென்ற தலையணை வேண்டாம், அது அமுங்கி இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துவிடும்.

மெல்லிய பிளாஸ்டிக் நாற்காலிதான் எல்லாக் கூடத்திலும் சுலபமாகக் கிடைக்கிறது. அதை நாங்கள் வேண்டாம் என்றே சொல்வோம். பக்கவாட்டில் சாய்ந்து கையை நீட்டும்போது அதன் கால் விரிந்து கொடுக்கும், வழவழப்பான தரையில் ஒரேயடியாகச் சறுக்கும். வேறு வழியே இல்லையென்றால் நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, சாயும் அசைவுகளை விட்டுவிடுங்கள்.

கைப்பிடி இருக்கலாமா என்பதற்கு ஒரே பதில் இல்லை. இருந்தால் எழுந்திருக்க உதவும். ஆனால் கையைப் பக்கவாட்டில் இறக்கி வீசும்போது முழங்கை இடிக்கும். எழுந்திருக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கைப்பிடியுள்ளது, மற்றவர்களுக்கு இல்லாதது என்று கலந்து போடுவதே சரி.

உடையும் செருப்பும்?

தரையில் இழுபடும் உடை, தோளிலிருந்து நழுவும் துணி, சக்கரத்தில் சிக்கும் நீளத் தொங்கல் வேண்டாம். காலுக்குக் குதிகாலை மூடிய, மெல்லிய அடியுள்ள ஷூ நல்லது. பின்வார் இல்லாத செருப்பு கழன்று முதல் படியிலேயே தடுக்கும். வெறும் சாக்ஸ் வழுக்கும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: கெட்டியான ரப்பர் அடியுள்ள ஓட்டப்பந்தய ஷூவும் சிக்கல்தான். திரும்பும்போது பாதம் தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும், முட்டி முறுக்கிக்கொள்ளும். சுகர் உள்ளவர்கள் வெறுங்காலோடு ஆட வேண்டாம்; வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் பாதத்தில் கொப்புளமோ சிவப்போ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரு வகுப்பு எப்படிப் போகும்?

45 முதல் 50 நிமிடம். முதல் 10 நிமிடம் மெதுவான பாட்டுக்கு உடம்பைத் தயார் செய்வது: கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, தோளை உருட்டுவது, விரல்களை விரித்து மூடுவது. கழுத்தை முழு வட்டமாகச் சுழற்றுவதில்லை. தலையைப் பின்னால் சாய்த்தால் பலருக்குக் கிறுகிறுக்கும். இடம், வலம், கீழ் என்று பார்ப்பது போதும்.

அடுத்த 25 நிமிடம் ஆட்டம். உதாரணத்துக்கு, எட்டு எட்டாக எண்ணும் ஒரு சிறு கோவை. முதல் எட்டில் வலக்குதிகாலை முன்னால் வைத்து எடுப்பது, அடுத்து இடக்குதிகால், இப்படி மாற்றி மாற்றி நான்கு முறை. இரண்டாம் எட்டில் குதிகாலோடு எதிர்க்கை முன்னால் நீளும். மூன்றாம் எட்டில் இரண்டு கையாலும் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்குக் காற்றை வழித்தெடுப்பது, உடம்பு கையோடு சேர்ந்து போகும், இரண்டு பிட்டமும் இருக்கையிலேயே இருக்கும். நான்காம் எட்டு அவரவர் விருப்பம். இந்த நான்காம் எட்டைத்தான் புதிய ஆசிரியர்கள் விட்டுவிடுகிறார்கள். முதல் வாரம் எல்லோரும் கைதட்டிவிட்டு நிறுத்துவார்கள். மூன்றாவது வாரத்துக்குள் ஒருவர் தோளைக் குலுக்குவார், ஒருவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அபிநயம் பிடிப்பார். ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

குதிகாலும் எதிர்க்கையும் சேரும் இடத்தில் நிறையப் பேர் தடுமாறுவார்கள். ஒரே பக்கத்துக் கையும் காலும் சேர்ந்து போய்விடும். திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். காலை மட்டும் இரண்டு சுற்று ஆடவிட்டு, பிறகு கையைச் சேருங்கள். தலைக்கு மேலே கை தூக்கி நிறுத்தும் அசைவு எட்டு எண்ணிக்கைக்கு மேல் போகக் கூடாது; தோள் களைக்கும், ரத்த அழுத்தமும் ஏறும். மூச்சை அடக்காமல் இருக்க நல்ல வழி, எல்லோரும் வாய்விட்டு எண்ணுவது.

கடைசி 10 நிமிடம் வேகம் குறைந்து, மூச்சு சீராகி, நீட்டல் அசைவுகளோடு முடியும். நேரமாகிவிட்டது என்று இதை வெட்டாதீர்கள். வேகமான பாட்டு முடிந்த கையோடு எழுந்து வாசலுக்கு நடந்தால் தலை சுற்றும்.

எழுந்து நிற்பதுதான் பயமாக இருக்கிறது. எப்படிச் செய்வது?

பயப்படுவது நியாயம்தான். ஆட்டத்தைவிட, எழும்போதும் உட்காரும்போதும் திரும்பும்போதும்தான் கவனம் அதிகம் வேண்டும். அதனால் எழுவதையே ஒரு நடன அடியாகப் பழக்க வேண்டும்.

பிட்டத்தை இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்த்துங்கள். பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, முட்டிக்குச் சற்றுப் பின்னால் வரும்படி இழுத்துக்கொள்ளுங்கள். கை இருக்கையின் ஓரத்தில் அல்லது கைப்பிடியில். இப்போது மூக்கு கால் விரல்களுக்கு நேர்மேலே வரும்வரை முன்னால் சாயுங்கள். பிட்டம் தானாக லேசாகும். அப்போது கையால் கீழே அழுத்தி எழுங்கள். நின்றதும் நகராமல் எட்டு எண்ணுங்கள்.

பாதம் முட்டிக்கு முன்னால் நீட்டியிருந்தால் பாதி எழுந்து தொப்பென்று பின்னால் விழுவீர்கள். போதுமான அளவு முன்னால் சாயாவிட்டாலும் அதேதான். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் வாக்கர் உங்கள் பக்கம் கவிழும். உதவுகிறவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தோள் மூட்டு பாதிக்கப்படும். அவர் பக்கத்தில் நின்று கீழ்முதுகில் கை வைத்து, சாய்வதற்கு வழிகாட்டினால் போதும்.

உட்காரும்போது இரண்டு காலின் பின்புறமும் நாற்காலியில் படுவதை உணர்ந்த பிறகே கையைப் பின்னால் நீட்டி இருக்கையைத் தொட வேண்டும். நான்கு எண்ணிக்கையில் மெதுவாக இறங்குங்கள். இந்த இறக்கம்தான் தொடைக்கு வலு தருவது.

நின்று ஆடும் பகுதியில் முதலில் நாற்காலி முதுகை இரு கையாலும் பிடித்து ஆடுங்கள். சில வாரம் கழித்து ஒரு கை, பிறகு விரல்நுனி, பிறகு தொடாமல் மேலே கை நிற்கட்டும். அவசரம் வேண்டாம். திரும்பும்போது பாதத்தைத் தூக்கித் தூக்கிச் சின்னச் சின்ன அடியாகத் திரும்புங்கள். ஒற்றைக்காலை ஊன்றிச் சுழலவே கூடாது.

எவ்வளவு சிரமப்பட்டு ஆட வேண்டும்?

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான அளவு. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் அதிகம். இதயத்துடிப்பைக் குறைக்கும் சில மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பை எண்ணிப் பார்ப்பது தவறான கணக்கைக் கொடுக்கும், அதனால் பேச்சை வைத்தே பாருங்கள்.

மூட்டு வலிக்கிறது. நிறுத்திவிடலாமா?

தசையில் வரும் இதமான வலி ஓரிரு நாளில் போய்விடும். மூட்டுக்கு இரண்டு மணி நேரக் கணக்கு உண்டு: வகுப்பு முடிந்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும், தொடங்கும் முன் இருந்ததைவிட வலி கூடுதலாக இருந்தால், அடுத்த முறை அசைவின் அகலத்தையும் எண்ணிக்கையையும் குறையுங்கள். ஆடும்போதே சுருக்கென்று குத்தினால், மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் அன்று அந்த மூட்டுக்கு ஓய்வு. மற்ற உறுப்புகளால் ஆடலாம்.

எந்தப் பாட்டு, எவ்வளவு வேகம்?

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு, ஆட்டத்துக்கு 90 முதல் 110. பாட்டைப் போட்டு 15 விநாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 120-ஐத் தாண்டினால் கால் ஈடுகொடுக்க முடியாமல் அசைவு சுருங்கிவிடும்; எல்லோரும் சுறுசுறுப்பாக இருப்பது போலத் தெரியும், உண்மையில் ஒருவரும் முழுதாகக் கையை நீட்டியிருக்க மாட்டார்கள்.

சத்தத்தைக் கூட்டினால் காது மந்தமானவர்களுக்குக் கேட்கும் என்பது தவறான நம்பிக்கை. பாட்டு ஓங்கினால் ஆசிரியர் சொல்வது அதில் கரைந்துவிடும், காதுக் கருவி போட்டவர்களுக்குத் தலையே வலிக்கும். சத்தத்தைக் குறைத்து, முகத்தைக் காட்டி, அடுத்த அசைவை நான்கு எண்ணிக்கை முன்கூட்டியே கையால் காட்டுங்கள். எதிரே நின்று ஆடும்போது "வலது, இடது" என்பதைவிட "ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம்" என்றால் ஒருவரும் குழம்ப மாட்டார்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் கறுத்த நிழலாகத்தான் தெரியும்.

எழுந்ததும் தலை சுற்றுகிறது. சுகரும் இருக்கிறது. வரலாமா?

எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தை மாற்றினால் சரியாகக்கூடும். அதுவரை உட்கார்ந்தே ஆடுங்கள், எழும் முன் கணுக்காலை இருபது முறை மேலும் கீழும் அசையுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் வரக் கூடாது. வகுப்புக்கு முன் ரத்தச் சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் வியர்வை, நடுக்கம், திடீர் எரிச்சல், பேச்சுக் குழறல் வந்தால் சர்க்கரை இறங்கியதாகவே வைத்துக்கொண்டு 15 கிராம் குளுக்கோஸ் அல்லது 120 மில்லி பழச்சாறு கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ ஒரு கை விழுந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம்; சர்க்கரைதான் என்று காத்திருக்கவே கூடாது.

பக்கவாதம், பார்க்கின்சன், எலும்பு மெலிவு உள்ளவர்களுக்கு என்ன மாற்றம்?

பக்கவாதத்தில் வலுவிழந்த கையை யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. நல்ல கையால் அதைத் தாங்கிப் பிடித்து, தோள் உயரத்துக்குள் இரண்டையும் சேர்த்து ஆட்டலாம். உடம்பு ஒரு பக்கமாகச் சாயக்கூடும். எடை இரண்டு பிட்டத்திலும் சமமாக இருக்கிறதா என்று அவ்வப்போது நினைவூட்டுங்கள்.

பார்க்கின்சனுக்கும் (அசைவு மெதுவாகி, கை கால் நடுங்கும் நரம்பு நோய்) நடனத்துக்கும் நல்ல பொருத்தம் உண்டு. அமெரிக்காவின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001-இல் தொடங்கிய பார்க்கின்சன் நடன வகுப்பு இப்போது பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. உள்ளிருந்து வராத கட்டளையை வெளியிலிருந்து வரும் தாளம் தருகிறது. கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிட்டால் இழுக்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள். நிற்கட்டும், எடையை இடம் வலமாக மாற்றி ஆடட்டும், "ஒன்று, இரண்டு" என்று எண்ணி, தரையில் ஒட்டிய நிறப்பட்டையைத் தாண்டிப் பெரிய அடியாக வைக்கச் சொல்லுங்கள். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வகுப்பு அமைவது முக்கியம்.

எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிவதும் இடுப்பை வேகமாக முறுக்குவதும் கூடாது. குனிய வேண்டுமானால் முதுகு நேராக, இடுப்பு மூட்டிலிருந்து. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், அறுவை செய்தவர் தளர்த்தும்வரை, தொடையை 90 டிகிரிக்கு மேல் மடக்குவதையும் கால்மேல் கால் போடுவதையும் தவிர்க்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் எங்கே உட்கார வேண்டும்?

ஓரத்தில் அல்ல, வரிசையில் மற்றவர்களோடு. இரண்டு பிரேக்கும் போட்டாயிற்றா என்று ஒவ்வொரு பாட்டுக்கும் முன் பாருங்கள். கால் தரையில் எட்டினால் கால்மிதியை மடக்கிவிடுங்கள். மிதியின் மேல் ஊன்றி முன்னால் சாய்ந்தால் நாற்காலி கவிழக்கூடும். சக்கரத்தை உருட்டி ஆடும் பாட்டுக்கு மட்டும் பிரேக்கை எடுக்கலாம். கேட்காமல் யாருடைய நாற்காலியையும் தள்ளாதீர்கள். அது அவர்களுடைய கால்.

மறதி நோய் உள்ளவர் ஆட முடியுமா?

முடியும். அசைவுகளின் வரிசையும் முதல் பாட்டும் ஒவ்வொரு வாரமும் மாறாமல் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல். "கையைத் தூக்கி அப்படியே திரும்புங்கள்" என்பது இரண்டு கட்டளை. தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினால் பார்த்துச் செய்வார்.

கூடம் எப்படி இருக்க வேண்டும்? உதவிக்கு எத்தனை பேர்?

ஒரு நாற்காலியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 2 மீட்டர். சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம். கதவு திறந்தால் 80 சென்டிமீட்டருக்குக் குறையாத வழி, சாய்தளம் இருந்தால் ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். தரைவிரிப்பைச் சுருட்டி எடுத்துவிடுங்கள், மின்வயரைச் சுவரோரமாக ஒட்டுங்கள். வாக்கரும் தடியும் கைக்கு எட்டும் இடத்தில், ஆனால் நடக்கும் வழியில் இல்லாமல். கழிப்பறை அருகில் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். சிறுநீரை அடக்க முடியாது என்ற பயத்தில் வராமல் நின்றுவிடுகிறவர்கள் வேறு காரணம்தான் சொல்வார்கள். தொடக்கத்திலேயே "யாரும் கேட்க வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் போய் வரலாம்" என்று அறிவித்துவிட்டால் பலர் நிம்மதியாக ஆடுவார்கள்.

உட்கார்ந்து ஆடும் 12 பேருக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும். நின்று ஆடும்போது, பிடிமானம் தேவைப்படும் நால்வருக்கு ஓர் உதவியாளர்.

யாராவது விழுந்துவிட்டால்?

பாட்டை நிறுத்துங்கள். உடனே தூக்காதீர்கள். தலையில் அடியா, இடுப்பில் வலியா, கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் அசைக்காமல் போர்த்திவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்குத் தலையில் லேசாக இடித்திருந்தாலும் மருத்துவமனைக்குப் போவதே சரி.

அடி இல்லையென்றால் அவரே எழட்டும்: ஒருக்களித்து, முழங்கையில் ஊன்றி, மண்டியிட்டு, முன்னால் வைத்த நாற்காலியின் இருக்கையில் இரு கையும் வைத்து, வலுவான காலை முன்னால் ஊன்றி எழும்போது, பின்னால் இன்னொரு நாற்காலியை நகர்த்திக் கொடுங்கள்.

வீட்டார் உடன் இருக்கலாமா?

இருக்கலாம், ஆடுவதாக இருந்தால். சுவரோரம் உட்கார்ந்து "அம்மா, மெதுவா!" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தால் அம்மாவின் கண் பாட்டிலிருந்து உங்களிடம் வந்துவிடும்.

வகுப்பு இல்லாத நாளில் வீட்டில் என்ன செய்யலாம்?

இரண்டு பாட்டு போதும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முதல் பாட்டுக்குக் குதிகால், கை அசைவுகள். இரண்டாம் பாட்டுக்கு ஒவ்வொரு எட்டு எண்ணிக்கைக்கும் ஒருமுறை எழுந்து, அடுத்த எட்டில் உட்காருங்கள். ஐந்து முறை முடிந்ததும் ஓய்வு. தனியாக இருக்கும்போது நின்று ஆட வேண்டாம். போனைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.